சுவருக்கும் கூரைக்கும் நடுவில்

தடால்!

முனீஸின் தலைமேல் வெள்ளை வெள்ளையாகச் சரிந்து விழுந்தது ஒரு கூரை.

நிஜக் கூரை இல்லை. விடிந்ததிலிருந்து ஸ்டூல் மேல் நின்று, கழுத்து சுளுக்கிக்கொள்ள அவன் ஒட்டி முடித்த தெர்மாகோல் அட்டைகள். ஒரு மூலை பிய்ந்தது. அது பக்கத்து அட்டையை இழுக்க, அது அடுத்ததை இழுக்க, மொத்தமும் ஒரே வீச்சில் இறங்கிவிட்டது. ஸ்டூல் ஒரு பக்கம், முனீஸ் ஒரு பக்கம். தலைமுடி, மீசை, சட்டைப் பை எங்கும் வெள்ளைக் குருணை.

"க்யா ஹுவா பையா?" என்ன ஆச்சு என்று ஒரு தூக்கக் கலக்கக் குரல் இந்தியில் கேட்டது. வாசலிலிருந்து அல்ல, தலைக்கு மேலிருந்து. பக்கத்து ரூமில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பீகார்காரர் அவர்.

"குச் நஹி பாய். ஸோ ஜாவ்," ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றான் முனீஸ், தரையில் உட்கார்ந்தபடியே.

மங்கலம் ரோட்டை ஒட்டிய அந்த லைன் வீடுகள் அப்படித்தான். எட்டு ரூம். எட்டுக்கும் சேர்த்து ஒரே நீளமான சிமெண்ட் சீட் கூரை. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். ஒரு ரூமில் மிளகாய் தாளித்தால் எட்டு ரூமும் தும்மும். ஒரு ரூமில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மற்ற ஏழு ரூமும் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கும்.

வாசலில் சிரிப்புச் சத்தம். கடைசி ரூம் ராபின் நின்றிருந்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரன். பால் கம்பெனிகளிலும் மீன் மார்க்கெட்டுகளிலும் குளிர் அறை கட்டுகிற வேலை. இந்த லைனுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்த வாரம் சரக்கு வராததால் வேலையில்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரிந்தான்.

"என்னல மக்கா, ஊட்டி மாதிரி பனி பெஞ்சு கெடக்கு?"

"சிரிக்காத ராபினு. வெள்ளிக்கிழம அவ வர்றா."

ராபின் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். யார் வருகிறாள், எதற்கு வருகிறாள் என்று அந்த லைனுக்கே தெரியும்.

முனீஸின் மனைவி நாகஜோதி மூன்று மாதக் கைக்குழந்தையோடு உசிலம்பட்டிப் பக்கம் தாய் வீட்டில் இருந்தாள். ஆண் குழந்தை. முனீஸ் அவனை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறான். மூன்றாம் மாதம் குழந்தையைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது அவர்கள் வழக்கம். அந்த மூன்றாம் மாதம் சரியாகச் சித்திரை வெயிலில் வந்து முட்டியது. நாகஜோதி முடியாது என்றுவிட்டாள். வெயிலைச் சொல்லவில்லை அவள். வீட்டைச் சொன்னாள்.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே போல ஒரு வெயில் காலத்தில், பங்குனிக் கடைசியில், இதே ரூமுக்கு அவள் முதல் குழந்தையைக் கொண்டுவந்தாள். வேல்விழி என்று பேர். மே மாத முடிவில் ஒரு புதன்கிழமை மதியம் அந்தக் குழந்தை பால் குடிக்க மறுத்தது. உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த மாதிரி வீடு? மாடியா, சீட்டா?" அடுத்த கேள்வியை அவர் கேட்பதற்குள் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

போன வாரம் நாகஜோதி போனில் கறாராகப் பேசிவிட்டாள்.

"வெள்ளிக்கிழம காலையில அப்பாவக் கூட்டிக்கிட்டு வர்றேன் மச்சான். உச்சிப் பொழுது முழுக்க அந்த ரூம்ல புள்ளயப் போட்டுப் பாப்பேன். தாங்குனான்னா இருக்கேன். இல்லையா, சாயங்கால பஸ்ல ஏறிருவேன். அதுக்கப்புறம் என்னையக் கூப்பிடாதீங்க. நீங்க அங்கிட்டே இருங்க, நான் இங்கிட்டே இருந்துக்குறேன்."

வேறு வீடு பார்க்கலாமென்றால் மாடி வீட்டு வாடகையெல்லாம் அவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஏசி மாட்டலாமென்றால் லைன் மொத்தத்துக்கும் ஒரே கரண்ட் இணைப்பு, வீட்டுக்காரர் ஆத்தப்பன் குடிவந்த அன்றே சொல்லிவிட்டார், "ஏசி மட்டும் வேண்டாமுங்க தம்பி, எட்டு ஊடும் இருண்டு போயிருமுங்க." அதனால்தான் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் முனீஸ், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, வீட்டு வேலைக்கென்று லீவு போட்டுவிட்டு, தெர்மாகோல் அட்டையும் டேப்பும் வாங்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினான். அதுதான் இப்போது காலடியில் கிடந்தது.

ராபின் ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"டேப்பு மேல தப்பில்ல, கேட்டியா. ஒன் அட்டைய காத்து தூக்கித் தள்ளியிருக்கு. சுத்தி அம்புட்டு ஓட்டைய வச்சுக்கிட்டு நீ மேல போத்துனா நிக்குமா? சட்டைக்குப் பொத்தான் போடாம கம்பளிய போத்துன கத. மொதல்ல ஓட்டைய அடைக்கணும். பொறவுதான் போத்தணும்."

"அடைச்சா புழுங்கிச் செத்துருவோம்டா. அந்தச் சந்துலதான் கொஞ்சம் காத்தே வருது."

"அது காத்தா வேற எதுவுமான்னு பாத்துருவோம். ஊதுபத்தி இருக்கா?"

முனீஸ் முழித்தான். சாமி படத்துக்குக் கீழே இருந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். ராபின் ஒன்றைப் பற்றவைத்தான். "குளிர் ரூம் கட்டி முடிச்சதும் நாங்க இப்பிடித்தான் பாப்போம். செத்த மீனுக்கே ஒரு ஊசி ஓட்டை விடமாட்டோம் மக்கா."

மணி ஒன்று. வெளியே தார் உருகுகிற வெயில். ராபின் ஊதுபத்தியைச் சுவரோரமாகக் கொண்டுபோனான். நடு ரூமில் புகை நேராக எழுந்தது. கதவுக்கு அடியில் உள்பக்கம் சாய்ந்தது. ஜன்னல் சட்டத்தில் சுருண்டது. ஒயர் வருகிற துளையில் நடுங்கியது. ஒவ்வோர் இடத்திலும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தான். சீட்டின் வளைவுகளுக்கும் சுவருக்கும் நடுவே வரிசையாகக் கோடுகள் ஏறின.

பின்பக்க மூலைக்கு வந்ததும் புகை யாரோ வாயால் ஊதியது போலப் படுத்துவிட்டது.

"ஆத்தாடி, இங்க ஏறிக் கைய வச்சுப் பாரு," என்றான் ராபின்.

முனீஸ் ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினான். இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது. சடக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆத்தப்பனின் காலண்டரிங் யூனிட். பனியன் துணியை நீராவியில் ஓட்டிச் சுருக்கம் எடுக்கிற இடம். அதன் புகைபோக்கி விசிறி சரியாக இந்த மூலையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நீராவி வெக்கை சீட்டுக்கு அடியில் ஏறி, அங்கேயே காய்ந்து, அந்த ஒரு முழச் சந்து வழியாக ரூமுக்குள் இறங்கியது.

முனீஸின் கண் மெல்ல கீழே வந்தது. சந்துக்கு நேர் கீழே, கூரையைத் தாங்கும் குழாயில் ஓர் இரும்புக் கொக்கி. அதில் இன்னமும் கயிறு உராய்ந்த தடம் இருந்தது.

தொட்டில் கட்டிய கொக்கி.

கட்டியது அவன்தான். நாகஜோதி கதவுப் பக்கம் கட்டச் சொன்னாள். "கிறுக்கி, இங்கதான் காத்து ஜிலுஜிலுன்னு வருது, கைய வச்சுப் பாரு," என்று அவளைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்திக் காட்டினான். காலை ஆறு மணிக்கு. அப்போது ஜிலுஜிலுவென்றுதான் வந்தது. எட்டு மணிக்கு அவன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவான். அது ஷிப்மெண்ட் நேரம், தினமும் ஒன்றரை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. யூனிட் ஒன்பது மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு நிற்கும். அந்த விசிறி சுற்றுகிற நேரத்தில் அவன் ஒரு நாள்கூட இந்த ரூமில் இருந்ததில்லை.

"என்னல, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

"ஒண்ணுமில்ல. வெக்க கண்ணுல பட்டுருச்சு."

ராபின் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் முனீஸ் ஸ்பேனரை எடுத்துவந்து அந்தக் கொக்கியைக் கழற்றினான். குழாயில் கொக்கி இருந்த தடத்தைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். இது ஒன்று மட்டும் நாகஜோதிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். மிதிக்கச் சொல்ல அவனுக்கும் வாய் வராது.

மறுநாள் காலை ஆத்தப்பனைப் பார்க்கப் போனான். யூனிட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த துணி உருளைகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார் அவர். வாடகைக்கு இருப்பவன் சுவரில் ஆணி அடிக்கவே அந்த லைனில் அனுமதி கேட்க வேண்டும். சந்தை அடைக்க வேண்டும், சீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், அதற்கு மேல் அவருடைய விசிறியையே திருப்ப வேண்டும் என்று எப்படிக் கேட்பது? ராத்திரியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தான்.

பாதி சொல்வதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அட, ஆமாங்க தம்பி! விசிறி உங்க ஊட்டப் பாத்தாங்க ஊதுது? நான் இத்தன நாளா அந்தப் பக்கமே போய்ப் பாக்கலீங்க." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க பொங்கியண்ணா, அந்தப் பழைய தகரத்த எடுத்துட்டு வாங்க. விசிறிக்கு ஒரு குழாய் மாதிரி வளைச்சு மேலாக்க உட்டுருங்க."

யூனிட்டில் மெஷின் பார்க்கிற பொங்கியண்ணன் வந்தார். முக்கால் மணி நேரம். வெக்கை கூரைக்கு மேலே போய் ஆகாயத்தில் கலந்தது.

"இதென்னங்க பெரிய வேலை? இத நீங்க முன்னாலயே சொல்லீருந்தா அன்னைக்கே வளைச்சு உட்டுருப்பனுங்களே," என்றார் ஆத்தப்பன். சொன்ன பிறகுதான் அவருக்கு ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "போன மாசம் மெஷின் வந்துச்சுங்க. அதுக்கு அணை கொடுத்த தெர்மாகோல், வெள்ளிக் காயிதமெல்லாம் குடோன்ல சும்மா கெடக்குது. எடுத்துக்குங்க சாமி. கேக்கவே வேண்டாம்."

முனீஸ் தலையை மட்டும் ஆட்டினான். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு முள் நெருடியது. அதை நின்று பார்க்க நேரமில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டரை நாள்தான் இருந்தது.

கம்பெனியில் கட்டிங் வேஸ்டுக்குப் பஞ்சமா? இரண்டு மூட்டை பனியன் துணித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வந்தான். பனியன் பேக் பண்ணுகிற பாலித்தீன் கவர்களில் அதைத் திணித்து, கை கனத்துக்கு உருளை உருளையாகச் சுருட்டினார்கள். சீட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் உருளை. உள்ளே தள்ளி, மேலே அட்டை வைத்து, ஓரத்தைச் சிமெண்ட் பாலால் பூசினார்கள். புதன்கிழமை மாலை நடுச்சுவர்ச் சந்தும் மூடியது. அடுத்த ரூம் குரட்டை ஒயர் அறுந்த ரேடியோ மாதிரி பட்டென்று நின்றது.

"பையா, ஆப் மர் கயே க்யா?" செத்துப்போய்விட்டீர்களா என்று பீகார்காரர் வாசல் வழியாக வந்து எட்டிப் பார்த்தார். ஐந்து வருஷமாக அவருக்கும் முனீஸின் சத்தம் கேட்டே பழக்கம்.

கதவின் அடிச்சந்துக்குக் காலர் வைக்கிற தடித்த துணியை நீளமாகச் சுருட்டித் தைத்தான். அந்தத் தையல் மட்டும் ராபினுக்கு வியப்பு. "எங்க கம்பெனிக்கு வந்துரு மக்கா. கதவுக்கு இப்பிடி ஒரு லைனிங் நாங்க எந்தக் குளிர் ரூமுக்கும் வச்சதில்ல." ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சுப் பட்டை. ஒயர்த் துளைக்குக் களிம்பு. சீட்டுக்கு மேலே சுண்ணாம்பும் பசையும் கலந்து இரண்டு கை வெள்ளை. பிறகு உள்ளே வெள்ளிக் காகிதம், அதன் கீழே கம்பியில் தாங்கிய தெர்மாகோல். இந்த முறை அட்டை அசையவில்லை.

ராபின் சொல்லி அடுப்பு வெளியே நடைக்கு மாறியது. "இந்த அட்ட பக்கத்துல நெருப்பு ஆகாது. அப்புறம், மொத்தமா மூடிராத. வடக்கு ஜன்னல்ல நாலு விரல் எப்பவும் தெறந்திருக்கணும், ரூமு மூச்சு விடணும்லா. பொழுது விழுந்ததும் கதவு ஜன்னல் எல்லாம் விரியத் தெற. காலையில எட்டு மணிக்கு மூடிரு. ஏசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இந்த ஒத்த ஃபேனு போதும்."

வேலை தொடங்கிய திங்கள் மதியம் அந்த ரூமில் ராபினின் வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. வியாழன் மதியம், அதே மணி, அதே வெயில், முப்பத்து நான்கு. ராபின் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டம் போட்டான். முனீஸ் கீழே பாய் போட்டுப் படுத்துப் பார்த்தான். முதுகு நனையவில்லை. கண்ணை மூடினான். வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தன் மூச்சு தனக்கே கேட்டது. அதற்கு மேல் படுத்திருக்க முடியாமல் எழுந்து, புதுத் தொட்டில் கொக்கியை வடக்குச் சுவர்ப் பக்கம் முடுக்கினான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள்.

முன்னால் மாமனார் காசிமாயன், கையில் ஒரு கூடை, தோளில் ஒரு பை. பின்னால் நாகஜோதி. இளைத்திருந்தாள். குழந்தையை முந்தானைக்குள் வைத்து மூடியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"வா புள்ள," என்றான் முனீஸ்.

உள்ளே நுழைந்த காசிமாயன் தலையை நிமிர்த்தி ஒரு சுற்று பார்த்தார். "என்ன மாப்ள, சினிமா கொட்டாய் கணக்கா ஆக்கிப்புட்டீக? டிக்கெட்டு எங்கிட்டு வாங்கணும்?"

நாகஜோதி சிரிக்கவில்லை. பாயை விரித்தாள். குழந்தையைக் கிடத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை கையை ஆட்டி, கூரையின் வெள்ளையைப் பார்த்து வாயைப் பிளந்தது. முனீஸுக்கு அவனைத் தூக்க வேண்டும் போலிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

பதினொன்று. பன்னிரண்டு. அவள் வெப்பமானியைத் திரும்பியே பார்க்கவில்லை. அவளுக்கு விரல்தான் கணக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குழந்தையின் பிடரிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் காதுக்குப் பின்னால். அப்புறம் உள்ளங்காலில். எடுத்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தை பால் குடித்தது. தூங்கியது. ஒரு மணிக்கு வெளியே பறவைகூட இல்லாத வெயில். குழந்தை தூங்கியது. இரண்டு மணிக்கும் தூங்கியது.

"தொட்டில எங்கிட்டு கட்டணும்?" என்று திடீரென்று கேட்டாள்.

முனீஸ் வடக்குச் சுவரைக் காட்டினான். "இந்தா, இங்க. வடக்கால. புதுசா முடுக்கியிருக்கேன்."

அவள் அதைப் பார்த்தாள். பிறகு பழைய மூலையைப் பார்த்தாள். தெர்மாகோலின் வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஏன் மாற்றினாய் என்று கேட்பாள் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முனீஸ் மூச்சை விட்டான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

மூன்று மணிக்கு ராபின் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு வந்தான். காசிமாயன் டீயை ஆற்றிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தித் திறந்தார், துணி உருளையைக் காலால் அமுக்கினார். மனுஷனுக்குப் பிடித்துவிட்டது.

"பெரிய வேலதான் மாப்ள. என்ன, ரெண்டு மூணு மாசம் பிடிச்சுச்சோ?"

"ரெண்டு மாசமா?" ராபின் நெஞ்சை நிமிர்த்தினான். அவன் வேலை அது. பாராட்டு அவனுக்கும் உண்டு. "நல்லாச் சொன்னீரு மாமா. நாலே நாளு! திங்கக்கிழம தொடங்கி நேத்து முடிச்சாச்சு. சாமானும் ஒண்ணும் பெருசா வாங்கல கேட்டீயளா. எல்லாம் கம்பெனியில குப்பையில போடுக பனியன் துணி. வீட்டுக்காரரும் தங்கமான மனுசன், கேட்ட ஒடனே விசிறியத் திருப்பி விட்டுட்டாரு. விசயம் தெரிஞ்சா யாரும் செய்யலாம் மாமா, சின்ன வேலதான்."

முனீஸ் கண்ணால் அடக்கப் பார்த்தான். ராபின் அவனைப் பார்க்கவில்லை.

நாகஜோதியின் விரல் குழந்தையின் பிடரிக்கு அடியில் அப்படியே நின்றது.

"நாலே நாளா! பாத்தியாத்தா ஒம்புருசன?" காசிமாயன் வாய் நிறையச் சிரித்தார். "சரி, சொல்லு. நாலு மணிக்கு பஸ்ஸு. இருக்கியா, வர்றியா?"

அவள் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னாள். "இருக்கேன்ப்பா. நீங்க கெளம்புங்க."

முனீஸ் எத்தனை ராத்திரி கேட்க ஏங்கிய வார்த்தை அது. ராபின் மாமனாரை பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். போகும்போது காசிமாயன் மருமகனின் தோளை இரண்டு தட்டு தட்டினார். "எம்மவ பொழச்சா மாப்ள. இனி எனக்குத் தூக்கம் வரும்."

முனீஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். துணி உருளை தரையோடு அழுந்தி உட்கார்ந்தது. ரோட்டுச் சத்தம், யூனிட் சத்தம், அடுத்த ரூம் சத்தம் எல்லாம் ஒரே அடியாக விலகிப் போயின. குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது.

நாகஜோதி எழுந்து நின்றிருந்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே பூசிய கோட்டில் கை எட்டிய மட்டும் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு சுவர். அடுத்த சுவர். எங்கும் ஒரு பிளவு இல்லை. நேர்த்தியான வேலை.

"கம்பெனில லீவு கேட்டீங்களா?" என்றாள், முதுகைக் காட்டியபடி.

"கேட்டேன் புள்ள."

"ஷிப்மெண்ட் இல்லையா இப்ப?"

"இருக்கு. இருந்தாலும் குடுத்துட்டாக."

"கேட்ட ஒடனேயா?"

முனீஸ் பொய் சொல்லியிருக்கலாம். கெஞ்சினேன், காலில் விழுந்தேன், நாலு நாள் நடந்தேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் வரவில்லை.

"ம். மேனேஜர் கந்தவேல் அண்ணன் ஒண்ணுமே சொல்லல. போயிட்டு வாப்பான்னாரு."

அவள் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குரலில் கோபமும் இல்லை. சின்னப் பிள்ளை கணக்குக் கேட்பது போலக் கேட்டாள்.

"அவ இந்த ரூம்ல அம்பத்திரெண்டு நாள் இருந்தா மச்சான். அதுல ஒரு நாலு நாள் நமக்குக் கெடைக்காமப் போச்சா?"